இரும்புக் கணக்கில் அளந்த கட்டி

எங்கள் பழைய பிரிவுக்குப் புது மெஷின் வந்திருக்கிறது. அங்கே என்னோடு வேலை பார்த்த ஸ்வப்னா போட்டோ அனுப்பியிருந்தாள். முன்பெல்லாம் திரையில் ஒரு கோடும் அதில் நாலைந்து முட்களும்தான் தெரியும். இப்போது இரும்பின் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகப் படமாகவே தெரிகிறதாம். போட்டோவோடு ஒரு வேண்டுகோளும் வந்தது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் படிப்பதற்கு என் முப்பத்தோரு வருட சர்வீஸில் மறக்க முடியாத கேஸ் ஒன்றை எழுதித் தர வேண்டுமாம். பெரிய வால்வு ஏதாவது எழுதுங்கள் அக்கா என்கிறாள்.

பெரிய வால்வுகளைப் பற்றியெல்லாம் ஃபைலில் இருக்கிறது, வேண்டியவர்கள் தூசி தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். நான் எழுதப்போவது ஃபைலில் ஏறாத கேஸ். அளவு பதினெட்டு மில்லிமீட்டர். இருந்த இடம் என் இடது மார்பின் ஓரம். இதைப் படித்துவிட்டு ஸ்வப்னா தலையில் அடித்துக்கொள்வாள், ஏனென்றால் இதில் அவளுக்கும் பங்கு உண்டு.

நான் தென்காசிக்காரி. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தேன், கல்யாணம் ஆனது, வீட்டுக்காரருக்கு ஹைதராபாதில் வேலை என்பதால் மூட்டை கட்டிக்கொண்டு வந்தேன், ராமச்சந்திராபுரத்தைத் தாண்டி ஒரு வார்ப்பாலையில் சேர்ந்தேன், மூன்று பரீட்சை எழுதி அல்ட்ராசோனிக் இன்ஸ்பெக்டர் ஆனேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் எனக்கே கொட்டாவி வரும்.

வேலை இதுதான். உருக்கை வார்த்து வால்வு செய்வார்கள். வெளியே மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருக்கும், உள்ளே விரிசலோ காற்றுக் குமிழோ இருக்கலாம். அதன்மேல் கிரீஸ் தடவி, புரோப் என்கிற சின்னக் கருவியை வைத்து நகர்த்துவோம். அது அனுப்பும் ஒலி உள்ளே எதிலாவது மோதித் திரும்பினால் திரையில் முள் எழும், அதற்கு இண்டிகேஷன் என்று பெயர். எவ்வளவு ஆழத்தில் என்றும் மெஷினே சொல்லும். அதற்காகத் தினமும் காலையில், அளவு தெரிந்த ஓர் உருக்குக் கட்டையின் மேல் வைத்து மெஷினைச் சரிபார்க்க வேண்டும். கோளாறு தெரிந்த இடத்தை மார்க்கர் பேனாவால் வட்டமிட்டு, அம்புக்குறி போட்டு, ஓரத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று எழுத வேண்டும். வட்டம் போடாத கோளாறு கோளாறே இல்லை என்பது எங்கள் ஜகந்நாதன் சாரின் கட்சி.

ஜகந்நாதன் சார் எங்கள் பிரிவுத் தலைவர். வெள்ளைக்காரன் காலத்திலேயே பட்டாளத்தோடு வந்து திருமுல்கேரியில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ்தான், ஆனால் ஹைதராபாத் உருது ஒட்டிக்கொண்டு, ‘ஆமாம்’ என்பதற்கு ஹவ், ‘வேண்டாம்’ என்பதற்கு நக்கோ, ‘ஏன்’ என்பதற்குக் கைக்கு. சேர்ந்த முதல் வாரம் அவர் ‘கைக்கு லேட்டு?’ என்று கேட்டபோது நான் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பட்டன், பையில் ஒரு சின்ன டார்ச். வார்ப்பு வந்தால் உடனே தொட மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு முறை சுற்றி வருவார். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து இன்னொரு முறை சுற்றுவார். அப்புறம்தான் ஒற்றை விரலால் தடவிப் பார்ப்பார். எங்களையெல்லாம் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு நேரம் பார்க்கவில்லை என்று நானும் ஸ்வப்னாவும் பேசிக்கொள்வோம்.

அவருடைய ரிப்போர்ட்டில் ஓகே, ரிஜெக்ட், டவுட்ஃபுல் என்ற மூன்றுக்குத்தான் இடம். டவுட்ஃபுல் என்று எழுதினால் ஷிஃப்ட் முடிவதற்குள் இன்னொருவர் பார்த்து, ஓகேவா ரிஜெக்டா என்று தீர்த்துவிட வேண்டும். சந்தேகம் நம் பிரிவில் ராத்தங்கக் கூடாது என்பார். ஒரு முறை லாரி கிளம்பத் தயாராக நிற்கிறது, ஒரு வால்வில் எனக்குச் சந்தேகம். புரொடக்‌ஷன் மேனேஜர் தாம்தூம் என்று குதித்தார். சார் தன் டிபன் பாக்ஸை எடுத்து வந்து அந்த வால்வின் மேலேயே வைத்துத் திறந்து, தயிர் சாதத்தைச் சாவகாசமாகச் சாப்பிட ஆரம்பித்தார். நக்கோ என்றார். மேனேஜர் இங்கிலீஷில் கத்தினார். அதற்கும் நக்கோ. சாப்பிட்டு, கை கழுவி, துடைத்துக்கொண்டு வந்து புரோபைக் கையில் வாங்கினார். உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் இருந்தது. மேனேஜர் அதன் பிறகு எங்கள் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

அவரிடம் வேலை கற்ற நான், என் சொந்தக் கட்டியை மூன்று மாதம் டவுட்ஃபுல்லாகவே வைத்திருந்தேன்.

குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. இடது மார்பின் மேல் ஓரத்தில், அக்குளை ஒட்டி, சின்ன நெல்லிக்காய் அளவு. தொட்டால் வலித்தது, தொடாவிட்டால் கொஞ்சம் குறைவாக வலித்தது. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. முதலில், நாள் முழுக்கத் தோளில் மாட்டித் திரியும் மெஷினின் பெல்ட் மேல் பழி போட்டேன். பெல்ட்டை வலது தோளுக்கு மாற்றியதில் வலது தோளும் வலிக்க ஆரம்பித்ததுதான் மிச்சம். அடுத்தது டெய்லர். ஜாக்கெட்டை இறுக்கித் தைத்துவிட்டீர் என்று சண்டைக்குப் போனேன். பாவம் மனிதர், அளவு ஜாக்கெட்டையும் புது ஜாக்கெட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். ஜாக்கெட் மாறவில்லை மேடம் என்று பணிவாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார். பிறகு மாதவிலக்கு, பிறகு படுக்கிற பக்கம், பிறகு வீட்டுக்காரரின் முழங்கை என்று வரிசையாகக் குற்றவாளிகளைப் பிடித்தேன். வீட்டுக்காரர் தைலம் தேய்த்துப் பார் என்றார். தேய்த்தேன். எரிச்சலில் நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து என் மகள் ஹிந்தியில் என்ன ஆச்சு என்று கேட்டாள். கரப்பான்பூச்சி என்று சொல்லிவைத்தேன்.

வேடிக்கையாக எழுதுகிறேன், அப்போது பயந்து நடுங்கிக்கொண்டிருந்தேன். என் சித்தி ஒருத்தி இந்த வியாதியில்தான் போனாள். டாக்டரிடம் போனால் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள், போகாதவரை அது வெறும் கட்டிதானே என்று நினைத்துக்கொண்டேன். மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் இல்லாமல் போய்விடுவேனோ என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் ஸ்வப்னாவிடம் சொன்னேன். எங்கள் பிரிவில் இருந்த இன்னொரு பெண் இன்ஸ்பெக்டர் அவள், வாரங்கல்காரி. ஆஸ்பத்திரி ஸ்கேனும் அல்ட்ராசோனிக், நம் கையில் இருப்பதும் அல்ட்ராசோனிக், நாமே பார்த்துவிட்டால் என்ன என்ற யோசனை அங்கே பிறந்தது. யாருக்குப் பிறந்தது என்பது இன்றுவரை தீராத வழக்கு. அவள் என்னைச் சொல்வாள், நான் அவளைச் சொல்வேன். பெண்கள் உடை மாற்றும் அறையில் தாழ்ப்பாள் போட்டோம். கிரீஸ் வேண்டாம் என்று கைப்பையிலிருந்த தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டேன். கட்டியின் அகலத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்தோம். பதினெட்டு மில்லிமீட்டர். ஸ்வப்னா புரோபை வைத்து அழுத்தினாள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். முள் எழுந்தது. ஆழம் முப்பத்தெட்டு மில்லிமீட்டர் என்று காட்டியது.

அந்த இடத்தில் எனக்கு அவ்வளவு சதையே கிடையாது. ஸ்கேலை வைத்துப் பார்த்தோம். கிட்டத்தட்ட நாலு சென்டிமீட்டர் என்றால் விலா எலும்பைத் தாண்டியாக வேண்டும். கட்டி நுரையீரலுக்குள் போய்விட்டது என்று சர்டிஃபிகேட் வாங்கிய இரண்டு இன்ஸ்பெக்டர்கள் ஒருமனதாக முடிவு செய்தோம். ஸ்வப்னா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நுரையீரலில் கட்டி உள்ள நான்தான் அவளுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். டாக்டர் தக்கரகி வெள்தாம் அக்கா, இப்போதே போவோம் என்று அழுதாள். அழுதுகொண்டே, பழக்க தோஷத்தில், மார்க்கரை எடுத்து வட்டம் போட்டு, அம்புக்குறி இழுத்து, இரண்டு மணி திசை, அறுபது மில்லிமீட்டர் என்று என் மேல் எழுதிவிட்டாள். அந்த மார்க்கர் மை இலேசில் அழியாது என்பது எங்கள் இருவருக்கும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

உடனே லீவு வேண்டும். சாரிடம் ‘சொந்த வேலை’ என்று எழுதிக் கொடுத்தால் திருப்பிவிடுவார், காரணம் குறிப்பாக இருக்க வேண்டும். ‘ஓர் இண்டிகேஷன், டவுட்ஃபுல்’ என்று எழுதி நீட்டினேன்.

“எந்த வால்வு?” என்றார்.

“வால்வு இல்ல சார். எனக்கு. இடது பக்கம், மேல.”

அவர் பார்வை சட்டென்று மின்விசிறிக்குப் போய்விட்டது. அங்கேயே பார்த்துக்கொண்டு அளவு கேட்டார். பதினெட்டு, ஆழம் முப்பத்தெட்டு என்றேன். ஆழம் எப்படித் தெரியும் என்றார். சொல்ல வேண்டியதாகிவிட்டது. மின்விசிறியை விட்டு மெதுவாக என்னைப் பார்த்தார்.

“மெஷின்ல வெலாசிட்டி என்ன வெச்சீங்க?”

என் முகத்தில் அசடு வழிந்தது. காலையில் உருக்குக் கட்டையில் சரிபார்த்த மெஷினை அப்படியே மார்பில் வைத்திருக்கிறோம்.

“மனுஷன் ஸ்டீலாம்மா?” என்றார் சார்.

உருக்கில் ஒலி, சதையில் போவதைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு வேகத்தில் போகும். என்னையும் உருக்கு என்று நினைத்த மெஷின், ஆழத்தை நாலு மடங்காகச் சொல்லிவிட்டது. சார் என் லீவு லெட்டரின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு சென்டிமீட்டர். நுரையீரல் பிழைத்தது. முதல் வருடப் பயிற்சிப் பெண் செய்யக் கூடாத தப்பை இருபது வருட சர்வீஸில் செய்திருக்கிறேனே என்று அவமானமாக இருந்தாலும், அந்த ஒரு சென்டிமீட்டரைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் கையெழுத்துப் போட்டார். லெட்டரைத் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“வலிக்குதா?”

“வலிக்குது சார்.”

“வலிச்சா நல்லதா, வலிக்காட்டி நல்லதா?”

“தெரியாது சார்.”

“கேட்டுகிட்டு வாங்க. எழுதி வாங்கிகிட்டு வாங்க.”

எதையும் எழுத்தில் கேட்கிற மனிதர், இதையும் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர். என் ஜாக்கெட்டை விலக்கியதும் வட்டமும் அம்புக்குறியும் அவர் கண்ணில் பட்டன. இதற்கு முன்னால் எந்த சர்ஜனிடம் காட்டினீர்கள் என்று கேட்டார். சர்ஜன் இல்லை, வால்வு இன்ஸ்பெக்டர் என்றேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாங்களும் கடிகார மணி வைத்துத்தான் இடம் சொல்வோம், உங்கள் ஆள் சரியாகவே எழுதியிருக்கிறாள் என்று ஸ்வப்னாவைப் பாராட்டினார். சிரிப்பு முடிந்ததும், மூன்று மாதம் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்டார்.

முதலில் மேமோகிராம். இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்துகிறார்கள். எங்கள் ஒர்க்‌ஷாப் வைஸ் இடுக்கியில் பைப்பை நான் எத்தனை முறை இப்படி இறுக்கியிருப்பேன், பைப் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் நிறையச் சொன்னேன். அடுத்தது ஸ்கேன். ஜெல்லைப் போட்டு புரோபை வைத்த பெண்ணிடம், இன்றைக்குக் காலையில் மெஷினைச் சரிபார்த்தீர்களா, கட்டை எங்கே இருக்கிறது, வெலாசிட்டி எதில் இருக்கிறது என்று கேட்டேன். அந்தப் பெண் பொறுமையாக, பேசாமல் இருந்தால் சீக்கிரம் முடியும் என்றாள். அவளுடைய திரையில் கட்டி கறுப்பாக, சுற்றுக்கோடு தெளிவாகத் தெரிந்தது. உள்ளே தண்ணீர்தான், நீர்க்கட்டி என்றாள். டாக்டர் ஊசியை விட்டு இழுத்தார். வைக்கோல் நிறத்தில் நீர் வந்தது, கட்டி அமுங்கிவிட்டது, வலியும் போயிற்று. ஆறு வாரம் கழித்து வந்து காட்டச் சொன்னார். என் மகளுக்கு நான் இருப்பேன் என்று ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்துக்கொண்டு அழுதேன்.

கிளம்பும்போது சாரின் கேள்வி நினைவுக்கு வந்தது. வலிப்பதை வைத்தோ வலிக்காததை வைத்தோ எதையும் முடிவு செய்ய முடியாது, வலி இல்லையே என்று இருந்துவிடுகிறவர்கள்தான் தாமதமாக வருகிறார்கள் என்றார் டாக்டர். எழுதிக் கொடுங்கள் என்றேன். யாருக்கு என்றார். எங்கள் சாருக்கு. அவர் மனைவிக்கா என்றார். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றேன். டாக்டர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு கீழே இன்னொரு வரி எழுதினார். ஆண்களுக்கும் வரும் என்று இருந்தது. பொதுவாக எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இரும்புக்குள் இருப்பதைக் கண்டுபிடிக்கிற எனக்கு, எதிரே நிற்கிற மனிதர் விஷயத்தில் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை.

சார் அந்தச் சீட்டை இரண்டு முறை படித்து, டார்ச் இருக்கும் பையில் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“எனக்கும் ஒண்ணு இருக்கும்மா. வலது பக்கம். பன்னெண்டு மில்லிமீட்டர், வெர்னியர்ல பார்த்தேன். வலி இல்ல.”

“எப்போலேர்ந்து சார்?”

“தசராலேர்ந்து.”

கணக்குப் போட்டேன். எட்டு மாதம். எனக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம்.

“கைக்கு சார் போகல?”

“லேடீஸ் வியாதிம்மா. கௌண்டர்ல என்னன்னு சொல்றது?”

சந்தேகம் ராத்தங்கக் கூடாது என்று எங்களை இத்தனை வருடம் விரட்டியது யார் என்று கேட்டேன். பிரிவுத் தலைவரிடம் அப்படிப் பேசக் கூடாதுதான். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஹவ் என்றார். ஐந்து நிமிடத்தில் ஆட்டோவில் இருந்தோம்.

கௌண்டரில் என்ன தொந்தரவு என்று கேட்டார்கள். ஜெனரல் என்றார் சார். ஜெனரல் என்றால் என்ன என்றாள் அந்தப் பெண். அவர் என்னைப் பார்த்தார். மார்பில் கட்டி என்றேன் நான். தென்காசிக் குரல் கொஞ்சம் பெரியது, ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கௌண்டர் பெண் கம்ப்யூட்டரில் என் பெயரைத் தட்ட ஆரம்பித்தாள். நான் இல்லை, இவர் என்று மறுபடியும் சொன்னேன், இந்த முறை இன்னும் சத்தமாக. வரிசையில் பத்துப் பெண்கள், நடுவில் சார். பக்கத்தில் இருந்த அம்மாள் என்னிடம், துணைக்கு வருகிற கணவன் இந்தக் காலத்தில் யாருக்குக் கிடைக்கிறான் என்று தெலுங்கில் மெச்சினாள். நான் மறுத்தேன். சார் அதைவிட வேகமாக மறுத்தார். அந்த அம்மாள் எங்களுக்குள் ஏதோ சண்டை என்று முடிவு செய்து, சமாதானமாகப் போகச் சொல்லி ஆளுக்கு ஒரு சாத்துக்குடி கொடுத்தாள்.

என்னுடையது தண்ணீர். அவருடையது கான்சர். வலித்த கட்டி போய்விட்டது, வலிக்காத கட்டிக்காக அவருடைய வலது மார்பையே எடுக்க வேண்டி வந்தது. இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். எங்களுக்கெல்லாம் குறிப்பான காரணம் கேட்டு உயிரை வாங்கிய மனிதர், தன் லீவு லெட்டரில் ‘சொந்த வேலை’ என்று எழுதினார். தொழிற்சாலையில் குடலிறக்க ஆபரேஷன் என்று பேச்சு. எனக்கு மட்டும் தெரியும், நான் ஸ்வப்னாவிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஐந்து வருடம் மாத்திரை சாப்பிட்டார். இன்றும் திருமுல்கேரியில் முழுக்கைச் சட்டையோடு காலை நடை போகிறார்.

அவர் வேலைக்குத் திரும்பி இரண்டு மாதம் இருக்கும். தொழிற்சாலைப் பெண்களுக்காகக் கேன்டீன் ஹாலில் ஒரு கூட்டம் வைத்தார்கள். அதே டாக்டரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். மார்பை எப்படிச் சோதித்துக்கொள்வது என்று பொம்மையை வைத்துக் காட்டினார். எண்பது பெண்கள் இருந்தோம், ஒருத்தியும் பொம்மையைப் பார்க்கவில்லை, எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பின்னால் புரொஜெக்டரைப் பார்த்துக்கொள்ள வந்த நாலைந்து ஆண்கள், அவர்களோடு ஜகந்நாதன் சார். உங்களில் யாராவது கட்டி கண்டதுண்டா, கையைத் தூக்குங்கள் என்றார் டாக்டர். நான் தூக்கியிருக்க வேண்டும். வட்டமும் அம்புக்குறியும் போட்டுக்கொண்டு போனவளுக்கு என்ன வெட்கம்? ஆனால் என் கை மடியை விட்டு எழவில்லை.

பின்வரிசையில் ஒரு முழுக்கை எழுந்தது.

ஹாலில் சிரிப்பு. சார் தவறாகப் புரிந்துகொண்டார் என்று யாரோ சொன்னார்கள். அவர் கையை இறக்கவில்லை. எழுந்து நின்றார்.

“எனக்கு வந்துது. கான்சர். வெட்கப்பட்டு எட்டு மாசம் மறைச்சு வெச்சேன். நீங்க நக்கோ.”

தமிழிலேயே சொன்னார். அங்கே தமிழ் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான், ஆனால் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பிறகு நான் கையைத் தூக்கினேன். எனக்கு முன்வரிசையில், கேன்டீனில் சாம்பார் ஊற்றும் லக்ஷ்மம்மா புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “நாக்கு கூடா உந்தி”, எனக்கும் இருக்கிறது என்றாள். அப்புறம் இன்னொரு கை, இன்னொன்று.

டாக்டர் மைக்கை வைத்துவிட்டு, மறைப்புக்கு ஏதாவது கொண்டுவாருங்கள், இங்கேயே பார்க்கிறேன் என்றார். நாங்கள் கேன்டீன் மேஜை விரிப்புகளை எடுத்துக் கட்டினோம். சார் மற்ற ஆண்களை எழுப்பி வெளியே அனுப்பி, கதவைச் சாத்திக்கொண்டு வெளியில் காவல் நின்றார். டாக்டர் மூன்று பேரை மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். மூன்று பேரும் போனார்கள்.